1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், ஜிம்மில் ஏற்றிய உடம்பும் இறங்கக் கூடாது: எப்படிப் பிரித்துக்கொள்வது?

பொள்ளாச்சி_பையன்:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். எழுத்துத் தேர்வை எப்படியாவது பார்த்துக்கொள்வேன், கிரவுண்டை, அதாவது உடல்தகுதித் தேர்வை, நினைத்தால்தான் கலக்கமாக இருக்கிறது. வயது 23, உயரம் 174 சென்டிமீட்டர். காலேஜ் சேர்ந்ததிலிருந்து ஜிம்முக்குப் போகிறேன், ஆனால் ஓட்டம் என்று தனியாக எதுவும் செய்ததில்லை. தீபாவளி முடிந்த பிறகுதான் ஓட ஆரம்பித்தேன். அப்போது எடை 80 கிலோ, இப்போது 76. பெஞ்ச் பிரஸ்ஸில் 80 கிலோவை ஐந்து முறை தூக்கிக்கொண்டிருந்தவன் இப்போது 70 கிலோவுக்கே ஆள் பிடிக்கச் சொல்கிறேன். வீட்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் "என்னடா இப்படி இளைச்சுட்ட" என்கிறார்கள்.

தினமும் காலை ஐந்தரைக்குப் பள்ளிக்கூட கிரவுண்டுக்குப் போய் 1500 மீட்டரை முழு வேகத்தில் ஓடி போனில் நேரம் பார்க்கிறேன். 7 நிமிடம் 40 வினாடிக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. முதல் ரவுண்டு நன்றாகப் போகிறது, மூன்றாவதில் கால் கல்லாகிவிடுகிறது. ஓடி முடித்ததும் வாந்தி வருவது போல இருப்பதால் டீயோடு சரி, மதியம்தான் சாப்பாடு. சாயங்காலம் பழையபடி ஜிம், வாரத்தில் ஆறு நாள், லெக் டே (காலுக்கான பயிற்சி நாள்) உட்பட.

ஓட்டம் சொல்லித்தருகிற மாஸ்டர் "ஜிம் உடம்பு ஓடாது, முதலில் ஜிம்மை நிறுத்து" என்கிறார். ஜிம் மாஸ்டரோ "ஓடினால் மசில் கரைஞ்சுடும், அளவா நட" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? மார்பளவு வேறு 81 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் இன்னும் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். இளைத்துக்கொண்டே போனால் அதுவும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. கயிறு ஏறவும் கையில் பலம் வேண்டுமே. இரண்டையும் சேர்த்துச் செய்து தேறியவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள்.


மணல்_கிரவுண்ட்:

தம்பி, நான் கிரவுண்டில் பசங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன். நீ எழுதியதில் பிரச்சினை எங்கே இருக்கிறது என்று படிக்கும்போதே தெரிந்துவிட்டது. நீ பயிற்சி எடுக்கவில்லை, தினமும் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாய். 1500 மீட்டரை உயிரைக் கொடுத்து ஓடி நேரம் பார்ப்பது என்பது டெஸ்ட். அதைப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை செய்தால் போதும். தினமும் செய்தால் கால் ஆறவே ஆறாது, அந்த ஆறாத காலோடு சாயங்காலம் போய் ஸ்குவாட் அடித்தால் அதுவும் ஏறாது, ஓட்டமும் ஏறாது.

முதலில் கணக்கைப் பார். 400 மீட்டர் டிராக்கில் 1500 என்பது மூன்றே முக்கால் ரவுண்டு. 7 நிமிடம் என்றால் ஒரு ரவுண்டுக்கு 1 நிமிடம் 52 வினாடி, 100 மீட்டருக்கு 28 வினாடி. இது பெரிய வேகமே இல்லை. ஜிம் போகிற பசங்க பெரும்பாலும் முதல் ரவுண்டை ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிட்டு மூன்றாவதில் நடப்பார்கள், நீ சொல்கிற "கால் கல்லாகிறது" அதுதான். உன்னிடம் வேகம் இருக்கிறது, அந்த வேகத்தை ஏழு நிமிடம் தாங்குகிற நுரையீரலும் இதயமும் இன்னும் தயாராகவில்லை. அது மெதுவாக ஓடி ஓடித்தான் வரும். ஏழு நிமிட ஓட்டத்துக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதி மூச்சுக்காற்றை வைத்துத்தான் உடம்பு தயாரிக்கிறது, ஆக அந்த எஞ்சினைப் பெரிதாக்கு.

என் பசங்களுக்கு நான் போடுகிற வாரம் இப்படி இருக்கும். திங்கள் காலை 400 மீட்டர் ஐந்து தடவை, ஒவ்வொன்றும் 1:48-இலிருந்து 1:50-க்குள், நடுவில் இரண்டு நிமிடம் நடை. ஐந்தாவது ரவுண்டும் முதல் ரவுண்டும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும், அதுதான் முக்கியம், முதலாவதை 1:30-க்கு ஓடிவிட்டு என்னிடம் வந்து நிற்காதே. அன்றைக்கு சாயங்காலமே வெயிட். செவ்வாய் மெதுவோட்டம் மட்டும், முப்பது நிமிடம், பக்கத்தில் ஓடுகிறவனோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். உனக்கு அது அவமானமான வேகமாகத் தெரியும், பரவாயில்லை, பக்கத்தில் நடக்கிற பெரியவர் தாண்டிப் போனாலும் போகட்டும். புதன் கயிறு, புல்அப்ஸ், பெஞ்ச், ஓட்டம் இல்லை. வியாழன் மறுபடி மெதுவோட்டம், நாற்பது நிமிடம் வரை. வெள்ளி காலை 100 மீட்டர் ஸ்பிரிண்ட் நாலைந்து, நீளம் தாண்டுதல், சாயங்காலம் இரண்டாவது வெயிட் நாள். சனி, ஞாயிறில் ஒரு நாள் முழு ஓய்வு, இன்னொரு நாள் சும்மா நடை. நேரம் பார்க்கிற 1500-ஐ இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை வைத்துக்கொள்.

கடுமையான ஓட்டத்தையும் கடுமையான வெயிட்டையும் ஒரே நாளில் போடச் சொல்கிறேனே என்று யோசிப்பாய். காரணம் இருக்கிறது. திங்கள் ஓட்டம், செவ்வாய் லெக் டே, புதன் ஸ்பிரிண்ட் என்று போட்டால் வாரம் முழுக்க கால் வலியோடுதான் இருக்கும், ஒரு நாளும் முழு ஓய்வு கிடைக்காது. கஷ்டமான நாளை முழுக்கக் கஷ்டமாக்கி, அடுத்த நாளை உண்மையிலேயே லேசாக விடு. காலைக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில் குறைந்தது ஆறு மணி நேரம் இடைவெளி இருக்கட்டும், நடுவில் இரண்டு வேளை சாப்பாடு உள்ளே போயிருக்கட்டும்.

ஜிம்மில் என்ன செய்வது? ஆறு நாளை இரண்டரை நாளாகக் குறை, ஆனால் எடையைக் குறைக்காதே. இங்கேதான் நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள், "ஓடுகிறோமே" என்று எடையைப் பாதியாக்கி இருபது இருபத்தைந்து ரெப்ஸ் (விடாமல் தூக்குகிற தடவைகள்) அடிக்கிறார்கள். அது தசைக்கு எந்தச் செய்தியையும் சொல்லாது, களைப்பை மட்டும் கூட்டும். ஸ்குவாட், ரோமானியன் டெட்லிஃப்ட், பெஞ்ச், ரோ, புல்அப்ஸ். நாலிலிருந்து ஆறு ரெப்ஸ், மூன்று செட், நடுவில் மூன்று நிமிடம் உட்கார். லெக் எக்ஸ்டென்ஷன், கேபிள், கர்ல் எல்லாம் தேர்வு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். முக்கால் மணி நேரத்தில் ஜிம்மை விட்டு வெளியே வந்துவிடு.


இரும்பும்_ஏடும்:

மணல் அண்ணன் சொன்னதற்குப் பின்னால் ஆராய்ச்சியும் இருக்கிறது, அதைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் "ஓடினால் மசில் கரையும்" என்கிற பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும்.

ராபர்ட் ஹிக்சன் என்று ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர். அவரே பவர்லிஃப்டிங் செய்தவர். செயின்ட் லூயிஸில் ஜான் ஹோலோசி என்கிற பெரிய உடலியல் அறிஞரிடம் வேலைக்குச் சேர்ந்தபோது அவரோடு சேர்ந்து ஓட ஆரம்பித்தார். ஓட ஓடத் தன் உடம்பு இறங்குவதைக் கண்டார். அப்புறம் தனி ஆய்வுக்கூடம் கிடைத்ததும் இதையே சோதித்துப் பார்த்து 1980-இல் வெளியிட்டார். ஒரு குழுவுக்கு வெயிட் மட்டும், ஒரு குழுவுக்கு ஓட்டமும் சைக்கிளும் மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும். பத்து வாரம். இரண்டும் செய்தவர்களின் கால் பலம் ஏழாவது வாரம் வரைக்கும் வெயிட் மட்டும் செய்தவர்களுக்கு இணையாக ஏறியது, பிறகு நின்றது, கடைசி இரண்டு வாரத்தில் இறங்கியது. ஜிம் மாஸ்டர்கள் சொல்வது எல்லாம் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்.

ஆனால் அந்த மூன்றாவது குழு என்ன செய்தது என்று யாரும் சொல்வதில்லை. வாரத்தில் ஐந்து நாள் கடும் வெயிட், அதற்கு மேல் ஆறு நாள் கடும் ஓட்டமோ சைக்கிளோ, நாளுக்கு 40 நிமிடம் வரை. ஒரு நாளும் லேசான நாள் கிடையாது. அப்படிப்பட்ட சுமையில்கூட ஏழு வாரம் ஏறியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். தம்பி செய்துகொண்டிருப்பதும் கிட்டத்தட்ட இதே அட்டவணைதான், ஆறு நாள் ஜிம், தினமும் முழு வேக ஓட்டம், அதுவும் வெறும் வயிற்றில்.

2022-இல் ஷூமன் என்பவரும் கூட்டாளிகளும் 43 ஆய்வுகளைச் சேர்த்து அலசியதில், ஓட்டமோ சைக்கிளோ சேர்த்துச் செய்வதால் தசை வளர்ச்சியும் அதிகபட்ச பலமும் கெடுவதில்லை என்றுதான் வந்தது. வெடிப்பான பலம் மட்டும், அதாவது தாண்டுவது, பாய்வது போன்றது, கொஞ்சம் அடிபடுகிறது, அதுவும் இரண்டையும் ஒரே அமர்வில் அடுத்தடுத்துச் செய்தால். உனக்கு நீளம் தாண்டுதலும் 100 மீட்டரும் இருப்பதால் இந்த இடைவெளி விஷயத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்.

இன்னொன்று, இது உனக்கு நிம்மதி தரும். 2011-இல் பிக்கெல் குழுவினர் ஆட்களுக்கு 16 வாரம் வெயிட் பயிற்சி கொடுத்துவிட்டு, அடுத்த 32 வாரம் அந்த அளவை மூன்றில் ஒன்றாகவும் ஒன்பதில் ஒன்றாகவும் குறைத்துப் பார்த்தார்கள். 20 முதல் 35 வயதுக்காரர்கள் ஒன்பதில் ஒரு பங்கிலேயே, வாரம் ஒரே நாள் பயிற்சியிலேயே, பலத்தையும் தசையையும் காப்பாற்றிக்கொண்டார்கள். தூக்குகிற எடையைக் குறைக்கவில்லை, செட்டுகளைத்தான் குறைத்தார்கள். அறுபது வயதுக்கு மேல் இருந்தவர்களுக்குத் தசையின் அளவைக் காப்பாற்ற அது போதவில்லை. உனக்கு 23. சம்பாதிக்கத்தான் நிறைய உழைப்பு வேண்டும், காப்பாற்ற அவ்வளவு வேண்டாம்.


கரூர்_காளை:

எல்லோரும் இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டியதே இல்லை ப்ரோ. தேர்வுக்கு இருப்பது சில மாதம். வெயிட்டை முழுக்க நிறுத்து, ஓட்டத்தில் மட்டும் கவனம் வை, தேறிய பிறகு ஜிம்முக்குப் போனால் பழைய உடம்பு சீக்கிரம் திரும்பிவிடும். ஒருமுறை ஏற்றிய தசை இரண்டாம் முறை வேகமாக வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. எடை குறைந்தால் ஓட்டமும் சுலபம்.


மணல்_கிரவுண்ட்:

கரூர் தம்பி, ஓட்டம் மட்டும் இருந்தால் நீ சொல்வதை ஒத்துக்கொள்வேன். தசை திரும்ப வரும் என்பதும் உண்மைதான். ஆனால் 1500 என்பது வாசல் மட்டும், அதில் தேறினவன்தான் உள்ளே போவான், உள்ளே போன பிறகு ஸ்டார், அதாவது மார்க், வாங்குவது கயிறு, தாண்டுதல், ஸ்பிரிண்ட் மூன்றிலும். கயிறு 5 மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், 6 மீட்டருக்கு இரண்டு. நீளம் தாண்டுதல் 3.80-க்கு ஒன்று, 4.50-க்கு இரண்டு. 100 மீட்டர் 15 வினாடி ஒன்று, பதிமூன்றரை இரண்டு, அல்லது 400 மீட்டர் எடுத்தால் 80 வினாடி, 70 வினாடி. போட்டி அங்கேதான். வெயிட்டை முழுக்க விட்டவன் ஏழு நிமிடத்தில் சுலபமாக வந்து நிற்பான், அப்புறம் கயிற்றில் நாலு மீட்டரில் தொங்குவான். ஒவ்வொரு பேட்ச்சிலும் பார்க்கிறேன். (அந்தந்த வருட நோட்டிபிகேஷனை மட்டும் ஒரு தடவை எடுத்துப் படித்துக்கொள்ளுங்கள், அளவுகள் அதில்தான் சட்டம்.)

பொள்ளாச்சி தம்பிக்கு இதில் நல்ல சேதியும் இருக்கிறது. கயிறு ஏறுவதில் உன் மொத்த எடையையும் உன் கையே தூக்க வேண்டும். 80-இலிருந்து 76 ஆனதில் போனது கொழுப்பாக இருந்திருந்தால் கயிறு சுலபமாகியிருக்க வேண்டும். பெஞ்ச் எவ்வளவு என்று பார்ப்பதை விடு, புல்அப்ஸ் எத்தனை வருகிறது என்று பார். எடை குறைந்து புல்அப்ஸ் கூடினால் நீ சரியான வழியில் போகிறாய். எடையும் குறைந்து புல்அப்ஸும் குறைந்தால் சாப்பாட்டிலோ தூக்கத்திலோ ஓட்டை இருக்கிறது.

மார்பளவுக்குப் பயப்படாதே. ஜிம் போன உடம்புக்கு 81 ஒரு பிரச்சினையே இல்லை. விரிகிற அந்த 5 சென்டிமீட்டரைத்தான் பழக வேண்டும். வீட்டில் ஒரு டேப்பைச் சுற்றி, மூச்சை முழுக்க விட்டு ஓர் அளவு, விலாவை விரித்து முழுக்க இழுத்து ஓர் அளவு. தினமும் காலையில் கொஞ்சம் செய். வயிற்றை உப்புவது கணக்கில்லை, விலா விரிய வேண்டும். பெஞ்ச் மட்டுமே அடித்துத் தோள் முன்னால் வளைந்திருக்கிற பசங்களுக்கு இது வரவே வராது, அவர்கள் கதவு நிலையில் கையை ஊன்றி மார்பை நீட்டிப் பழகினால் சரியாகும்.


மதுரை_டயட்டீஷியன்:

ஓட்டத்தைப் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார், நான் தட்டைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பையனின் தசை போனதற்குக் காரணம் ஓட்டமே இல்லை என்று நினைக்கிறேன்.

ஓடும்போது உடம்பு செலவழிப்பது, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கலோரி. 76 கிலோ, ஒன்றரை கிலோமீட்டர், ஆக சுமார் 115 கலோரி. ஒரு சாதா தோசை அளவு. இதை வைத்து நாலு கிலோ குறையவே முடியாது தம்பி. நீங்கள் முழு வேகத்தில் ஓடி, குமட்டி, காலைச் சாப்பாட்டையே விட்டுவிடுகிறீர்கள். செலவு ஒரு தோசை, இழப்பு ஒரு வேளைச் சாப்பாடு, தினமும். அந்த வெறும் வயிற்றோடு மதியம் வரை இருந்து, சாயங்காலம் வெயிட் தூக்கினால் உடம்பு எதை வைத்துத் தசையைப் பழுது பார்க்கும்?

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று முழுதாக எழுதவில்லை, எழுதுங்களேன்.


பொள்ளாச்சி_பையன்:

அக்கா, காலையில் டீ. மதியம் சாதம், சாம்பார், ஒரு பொரியல், தயிர். சாயங்காலம் ஜிம்முக்கு முன்னால் ஒரு வாழைப்பழமும் டீயும். ராத்திரி நாலைந்து தோசை, சட்னி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோழி. முட்டை சாப்பிடுவேன், ஆனால் தினமும் இல்லை. புரோட்டீன் பவுடர் வாங்க இப்போது வசதி இல்லை.


மதுரை_டயட்டீஷியன்:

நினைத்தேன். இதைக் கூட்டினால் ஒரு நாளைக்கு 35 கிராம் புரதம் வந்தால் பெரிது. வெயிட் பயிற்சி செய்கிறவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் வரை பலன் இருக்கிறது என்று 2018-இல் மார்ட்டன் குழுவினர் 49 ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். உங்களுக்கு அது 120 கிராம் சொச்சம். மூன்றில் ஒரு பங்குகூட உள்ளே போகவில்லை.

பவுடர் தேவையே இல்லை. தினமும் நாலு முட்டை, 24 கிராம். அரை லிட்டர் பால், 16. மீல் மேக்கர் 40 கிராம், காய்ந்த எடையில், குழம்பிலோ பொரியலிலோ போடச் சொல்லுங்கள், 20 கிராம். கொண்டைக்கடலை ஒரு கைப்பிடி ஊறவைத்துச் சுண்டல், 10. வேர்க்கடலை 40 கிராம், இன்னொரு 10. இதுவே 80. காலையில் விட்ட நாலு இட்லி சாம்பாரைத் திரும்பக் கொண்டுவாருங்கள், அதில் 10 வரும். ஏற்கனவே சாப்பிடுகிற 35-ஐச் சேர்த்தால் 125. மீல் மேக்கரை நிறைய ஆண் பிள்ளைகள் ஏதேதோ கேள்விப்பட்டு ஒதுக்குகிறார்கள், இந்த அளவில் ஹார்மோனை ஒன்றும் செய்யாது, தைரியமாகச் சாப்பிடுங்கள். பக்கத்தில் மீன் கிடைக்கிற நாளில் மத்தி வாங்குங்கள், மலிவு, நூறு கிராமில் 20 கிராம் புரதம்.

சாதத்தைக் குறைக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஓட ஆரம்பித்ததும் எல்லோரும் முதலில் கை வைப்பது சோற்றில்தான். 400 மீட்டரை ஐந்து தடவை ஓடுவதற்கும் கனமாகத் தூக்குவதற்கும் எரிகிறது தசையில் சேமித்து வைத்த மாவுச்சத்து. அந்தச் சேமிப்பு ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பிடாமல் அது காலியானால் தண்ணீரும் போகும், எடை சட்டென்று ஒன்றிரண்டு கிலோ இறங்கும், கை மெலிந்து தெரியும். ஆக உங்கள் நாலு கிலோவும் தசை என்று நினைத்துக் கலங்க வேண்டாம், அதில் ஒரு பங்கு ஒழுங்காகச் சாப்பிட்டால் ஒரே வாரத்தில் திரும்பும்.

காலை ஓட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னால் ஒரு வாழைப்பழம். மெதுவோட்டத்துக்கு அதுகூட வேண்டாம். மெதுவாக ஓடினால் குமட்டலும் வராது, முடித்த ஒரு மணி நேரத்துக்குள் இட்லியும் முட்டையும் இறங்கும். கடும் ஓட்ட நாளில் முதலில் மோர், உப்புப் போட்டு, அப்புறம் கொஞ்ச நேரம் கழித்துச் சாப்பாடு.

தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஐந்தரைக்கு கிரவுண்டில் நிற்க வேண்டுமானால் பத்து மணிக்கு போனைக் கீழே வைக்க வேண்டும். அப்புறம் ஒரு வேண்டுகோள். தேர்வு நேரத்தில் ஊசி போட்டுக்கொள், மாத்திரை போட்டுக்கொள், ஓட்டம் பறக்கும் என்று யாராவது வருவார்கள். எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் வேண்டாம் தம்பி. வெயிலில் இதயத்தோடு விளையாடுகிற காரியம் அது.


திருவாரூர்_தேவி:

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். நானும் இதே தேர்வுக்குத்தான் தயாராகிறேன், எடை 47. எங்களுக்கு 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓட வேண்டும், அது எனக்குச் சுலபமாக வருகிறது. குண்டு எறிதல்தான் போகவே மாட்டேன் என்கிறது. வெயிட் தூக்கினால் உடம்பு கனத்து ஓட்டம் குறையுமோ என்று வீட்டில் சொல்கிறார்கள்.


மணல்_கிரவுண்ட்:

குறையாதும்மா. உனக்கு வாரம் மூன்று நாள் வெயிட், இரண்டு நாள் ஓட்டம் போதும், பையனுக்குச் சொன்னதற்கு நேர் எதிர். ஸ்குவாட், தோளுக்கு மேல் தூக்குகிற பிரஸ், டெட்லிஃப்ட். குண்டு காலிலிருந்து கிளம்பி இடுப்பு வழியாக வருகிறது, கை கடைசியில் தள்ளிவிடுவதோடு சரி. கால் பலம் ஏறினால் உன் 400 இன்னும் குறையும். தக்காளிக் கூடை தூக்குகிற பெண்களுக்கு உடம்பு கனத்தா போய்விட்டது? பயப்படாமல் தூக்கு.


பொள்ளாச்சி_பையன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மூன்று வாரமாக மணல் அண்ணன் சொன்ன மாதிரியும் அக்கா சொன்ன மாதிரியும் போகிறேன். எடை 77-க்கு வந்துவிட்டது, பெஞ்ச் 75 தொட்டேன். மெதுவோட்டத்தில் முதல் வாரம் பொறுமையே இல்லை, இப்போது பழகிவிட்டது. நேற்று நேரம் பார்த்து ஓடியதில் 7:12. நான்கு ரவுண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகம், கடைசியில்கூடக் கொஞ்சம் ஏற்ற முடிந்தது.

ஒரே ஒரு பிரச்சினை. முன்னங்கால் எலும்பின் உள்பக்கம் வலிக்கிறது, ஓட ஆரம்பிக்கும்போது வலித்து, சூடானதும் குறைகிறது. வியாழக்கிழமை நாற்பது நிமிடத்தைத் தார் ரோட்டில் ஓடுகிறேன், கிரவுண்டில் அப்போது கிரிக்கெட் பசங்க இருப்பார்கள். விடலாமா, ஓடலாமா?


இரும்பும்_ஏடும்:

7:40-இலிருந்து 7:12, எடையும் ஏறியிருக்கிறது, இதைவிட என்ன வேண்டும்! ரொம்ப சந்தோஷம்.

வலிக்கு: விரலால் எலும்பின் ஓரமாக அழுத்திக்கொண்டே போ. ஒரு ஜாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் அது புதிதாக ஓடுகிறவர்களுக்கு வருகிற சாதாரண வலி, சுமையைக் குறைத்தால் அடங்கும். ஒரே புள்ளியில், விரல் நுனி அளவு இடத்தில் சுருக்கென்று வலித்தால், அல்லது சும்மா இருக்கும்போதும் ராத்திரியிலும் வலித்தால், ஓடுவதை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பார். எலும்பில் நுண்ணிய விரிசலாக இருக்கலாம், அதன் மேல் ஓடினால் தேர்வே போய்விடும்.

பரவலான வலி என்றால் இரண்டு வாரத்துக்கு மெதுவோட்டம் இரண்டையும் சைக்கிளுக்கு மாற்று. அதே நேரம், அதே மூச்சு அளவு. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேண்டியது கிடைத்துவிடும், எலும்புக்கு அடி விழாது. தசையைக் காப்பாற்றுகிறவர்களுக்கு ஓட்டத்தைவிட சைக்கிள் கொஞ்சம் நல்லது என்று 2012-இல் வில்சன் குழுவினரின் தொகுப்பும் சொல்கிறது. திங்கட்கிழமை 400 மீட்டர் ஓட்டத்தை மட்டும் மண் கிரவுண்டில் வைத்துக்கொள்.


மணல்_கிரவுண்ட்:

சரியாகச் சொன்னார். தார் ரோட்டை விடு தம்பி. வாய்க்கால் கரை, தோப்பு வண்டிப்பாதை, எது மண்ணாக இருக்கிறதோ அங்கே ஓடு, உங்கள் ஊரில் அதற்கா பஞ்சம். ஷூ அடிப்பாகம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் மாற்று. ஜிம்மில் கெண்டைக்கால் தசைக்கு, முட்டியை நேராக வைத்து ஒன்று, மடக்கி ஒன்று என்று குதிகாலைத் தூக்கி இறக்குகிற ஹீல் ரெய்ஸ் சேர்த்துக்கொள், முன்னங்கால் வலிக்கு நான் பார்த்த மருந்தில் அதுதான் நன்றாகக் கேட்கிறது.

தேர்வுக்கு முந்தைய வாரத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்போது ஆளாளுக்குக் குழப்புவார்கள். பத்து நாள் முன்னால் கடைசியாக நேரம் பார். அதற்குப் பிறகு 1500 முழுசாக ஓடாதே, 400 மூன்று மட்டும், அதே வேகத்தில். கடைசி கனமான வெயிட் நாள் தேர்வுக்கு ஐந்து நாள் முன்பு, ஸ்குவாட் இரண்டு செட்டோடு நிறுத்து. "ஒரு வாரம் தூக்கலையே, உடம்பு போயிடுமோ" என்று தோன்றும், ஒன்றும் போகாது, புத்துணர்ச்சியாகத்தான் இருப்பாய். சாப்பாட்டைக் குறைக்காதே. கயிற்றையும் நாலு நாள் முன்பே விட்டுவிடு, ஏனென்றால் உள்ளங்கைத் தோல் உரிந்தால் ஆற அவ்வளவு நாள் வேண்டும், காய்த்துத் தடித்திருக்கிற இடத்தை மட்டும் குளித்த பிறகு லேசாகத் தேய்த்துச் சமமாக்கிக்கொள்.